அஸ்தம்பட்டி மாடியில் ஸ்பானிஷ்: மூணு மாச அனுபவம்

சேலம் அஸ்தம்பட்டியில ஒரு வீட்டு மாடியில நடக்கிற ஸ்பானிஷ் வகுப்புக்கு மூணு மாசமா போறேன். மாசம் 2,000 ரூபாய், வாரம் ரெண்டு சாயங்காலம். டீச்சர் முன்னாடி ஜப்பான்ல பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தவங்க. அந்த அனுபவம்தான் இந்த வகுப்போட பலமே.

ஜப்பானிய மொழியில ர, ல பேதம் கிடையாது. அதனால முடியைக் குறிக்கிற 'பெலோ'வும், 'ஆனால்'ங்கிற 'பெரோ'வும் அந்தப் பிள்ளைங்களுக்கு ஒண்ணாவே கேட்குமாம். "உங்களுக்கு ர, ற, ல, ள, ழ எல்லாம் இருக்கே, பயப்படாம நாக்கை உருட்டுங்க"ன்னாங்க. நாய்க்கான 'பெர்ரோ' எனக்கு முதல் நாளே வந்துடுச்சு! பசுவுக்கு ஸ்பானிஷ்ல 'பாக்கா'. ஜப்பான்ல கிட்டத்தட்ட அதே ஒலிக்கு முட்டாள்னு அர்த்தம். சொன்னதும் வகுப்பே சிரிக்குமாம். அப்புறம் ஒருத்தரும் அந்த வார்த்தையை மறந்ததில்லையாம்.

நான் திணறினது ஆண்பால், பெண்பால்ல. நமக்கு மேசையும் புத்தகமும் அஃறிணை, அவ்வளவுதான். ஜப்பானிய மொழியிலயும் இந்தப் பிரிவு இல்லை. "வார்த்தையைத் தனியா படிக்காதீங்க, 'லா மேசா', 'எல் லிப்ரோ'ன்னு சேர்த்தே சொல்லுங்க"ன்னு பழக்கினாங்க. நம்ம மேசையும் போர்ச்சுகீசிய 'மேசா'தான்னு தெரிஞ்சப்ப அவ்வளவு சந்தோஷம்.

எழுத்துப் பயிற்சி போதாது. டெலேங்கிற ஸ்பானிஷ் மொழித் தகுதித் தேர்வு எழுதறவங்க வீட்டுல தனியா எழுதிப் பழகணும். பேசக் கத்துக்கணும்னா தயங்காம சேருங்க.