400 லிட்டர் கம்போஸ்ட் பெட்டி: கரும்புச் சோகை (காய்ந்த தோகை) இருந்தால் வாங்கலாம்

வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. 79 யூரோ. கடையின் பெயர் வேண்டாம். பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் வடகிழக்கில், கரும்புக் காட்டை ஒட்டி எங்கள் வீடு.

வாங்க வைத்தது சட்டம்தான். மக்கும் குப்பையை வீட்டிலேயே பிரிக்க மக்களுக்கு வழி செய்து தர வேண்டும் என்று 2024 ஜனவரி 1 முதல் பிரான்ஸில் விதி. இரண்டு வாரத்தில் பெலால் புயல் வந்தது, குப்பையாவது, பிரிப்பதாவது. விதிக்குப் பின்னால் ஐரோப்பிய ஒன்றியம் நிற்கிறது: நகரக் குப்பையில் 2025க்குள் 55 சதவீதம் மறுசுழற்சிக்குப் போக வேண்டும், 2035இல் புதைப்பது 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்தியப் பெருங்கடலில் கிடந்தாலும் நாங்கள் பிரான்ஸ், ஆகவே அந்தக் கணக்கில் நாங்களும் உண்டு. இலக்கு ஒன்று, போக்கு நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனி பதப்படுத்தாத குப்பையைப் புதைப்பதை 2005இலேயே நிறுத்திவிட்டது. பிரான்ஸோ 2010 அளவில் பாதியாகக் குறைப்போம் என்று 2015இல் சட்டம் போட்டது. 2025 இலக்கைத் தவறவிடலாம் என்று 2023இல் ஐரோப்பிய ஆணையம் எச்சரித்த 18 நாடுகளில் அதுவும் ஒன்று.

சரி, பெட்டிக்கு வருவோம். கூட வந்த தாளில் ஒன்பது மாதம் காத்திருக்கச் சொல்லியிருந்தது. குளிர் நாட்டுக் கணக்கு! இங்கே மூன்றே மாதத்தில் கறுத்து, உதிர்ந்துவிட்டது. ஆனால் முதல் மாதம் நாற்றம் தாங்கவில்லை. காய்கறித் தோலை மட்டும் கொட்டினால் நம் ஈரத்துக்கு அது கூழாகிவிடும். பக்கத்து வயல்காரர் கொடுத்த கரும்புச் சோகையை ஒரு கை குப்பைக்கு இரண்டு கை போட்டதும் சரியாயிற்று. பூசைச் சாப்பாட்டு வாழை இலையைக் கிழித்துப் போடுங்கள். முழுசாகப் போட்டால் அடுக்கடுக்காக ஒட்டிக்கொள்ளும். கறி, மீன் வேண்டவே வேண்டாம். அடியில் கம்பி வலை விரிக்காமல் வைத்தால் எலி குடும்பத்தோடு குடிவரும். எங்களுக்கு வந்தது.

உரம் அருமை. கறிவேப்பிலைச் செடி வீட்டுக் கூரையை விட உயரமாகிவிட்டது. மட்டம் என்றால் மூடிதான். கீல் வெறும் பிளாஸ்டிக், 2025 பிப்ரவரி கரான்ஸ் புயலில் பறந்தது. மூடி மட்டும் கேட்டால், முழுப் பெட்டியாகத்தான் வரும் என்றார்கள் கடையில். இப்போது ஒரு தகரம், அதன் மேல் எரிமலைக் கல்.