கூட்டணி எத்தனை நாள் நிற்கும்? ஆன்லைன் ரிஸ்க், டிப்ளமசி: நெடுநாள் அனுபவம்

வரைபடத்தில் படைகளை நகர்த்தி நாடு பிடிக்கும் பலகை விளையாட்டுகளான ரிஸ்க், டிப்ளமசி இரண்டையும் ஆன்லைனில் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து ஆடி வருகிறேன். புதிதாக வருபவர்கள் எந்த ஆப் நல்லது, எந்தத் தளத்தில் ஆள் சீக்கிரம் கிடைக்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் அவர்களை முதலில் பார்க்கச் சொல்வது ஆட்டத்தின் செட்டிங்ஸை. கூட்டணி எவ்வளவு தூரம் தாங்கும் என்பதில் பாதிக்கு மேல் அங்கேயே முடிவாகிவிடுகிறது. எதிரில் இருப்பவர் நம்பகமானவரா என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான்.

ரிஸ்க்கில் கார்டு விதியை எடுத்துக்கொள்ளுங்கள். இடம் பிடிப்பவருக்குக் கார்டு வரும், மூன்று கார்டு சேர்ந்த ஒரு செட்டைக் கொடுத்துப் புதிய படை வாங்கலாம். ஃபிக்ஸட் முறையில் ஒரு செட்டுக்கு 4 முதல் 10 படைகள்தான் கிடைக்கும், கடைசி வரை அதே அளவு. புரொக்ரஸிவ் முறையில் 4, 6, 8, 10, 12, 15 என்று ஏறி, அதன் பிறகு ஐந்து ஐந்தாகக் கூடிக்கொண்டே போகும். ஒரே செட்டில் முப்பது, நாற்பது படை இறங்கும் கட்டத்தில் எந்த எல்லையும் எல்லையாக இருக்காது. அதோடு, ஒருவரை முழுதாக ஒழித்தால் அவர் கையிலுள்ள கார்டுகள் உங்களுக்கு வரும். அதனால் நாலைந்து கார்டோடு நலிந்து நிற்கும் ஆளை எல்லோரும் குறி வைப்பார்கள், அவருடைய கூட்டாளியும் சேர்த்துத்தான். அதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நீங்கள் அடிக்காவிட்டால் அடுத்த முறையில் இன்னொருவர் அடித்து அந்தக் கார்டுகளை அள்ளுவார். ஆகவே புரொக்ரஸிவ் ஆட்டத்தில் என் கூட்டணி எல்லாம் முதல் சில சுற்றுகளுக்குத்தான். நீண்ட உறவு வேண்டுமென்றால் ஃபிக்ஸட்.

அடுத்தது பகடைக் கணக்கு. மூன்று பகடையால் தாக்கி இரண்டு பகடையால் தடுக்கும்போது, ஒவ்வொரு வீச்சிலும் தாக்குபவர் சராசரியாக 0.92 படையும் தடுப்பவர் 1.08 படையும் இழக்கிறார்கள். தாக்குபவருக்குச் சிறு அனுகூலம் உண்டு, அவ்வளவே. இருபது படையோடு போய் இருபது படையை அழித்தால் கையில் பெரும்பாலும் ஒரு சிலதான் மிஞ்சும். சம பலத்தில் உள்ள இருவர் மோதினால் மூன்றாமவருக்குத்தான் அறுவடை. ஆன்லைனில் மணிக்கணக்காக நீளும் ஆட்டங்களில் இருவரைச் சேர்த்து வைப்பது பெரும்பாலும் இந்தக் கணக்குதான். ஆனால் ஒருவர் இருபதிலேயே நிற்க, மற்றவர் முப்பதைத் தொட்டுவிட்டால் கணக்கு மாறிவிடும். அதனால் கூட்டாளியின் படை எண்ணிக்கையை ஒவ்வொரு சுற்றிலும் பார்க்க வேண்டும். எதிரியுடையதைக் கூட ஒரு சுற்று விடலாம்.

யாருக்குக் கூட்டணி தேவை என்பதை வரைபடமே சொல்லும். ஆஸ்திரேலியாவுக்கு ஒரே வாசல், சியாம் (இன்றைய தாய்லாந்து) வழியாக. அந்தக் கண்டம் முழுவதையும் பிடித்து உட்கார்ந்தவர் ஒவ்வொரு முறையும் 2 படை கூடுதலாகப் பெற்றுக்கொண்டு யாரிடமும் பேசாமல் வளரலாம். தென் அமெரிக்காவுக்கும் அதே 2 தான், ஆனால் வாசல் இரண்டு: வெனிசுலாவும் பிரேசிலும். இரண்டையும் ஒரே நேரத்தில் காப்பது கடினம் என்பதால், வடக்கே இருப்பவரோடோ ஆப்பிரிக்காவில் இருப்பவரோடோ ஏதாவது ஒரு புரிதல் இல்லாமல் தென் அமெரிக்காக்காரர் தழைக்க முடியாது. ஆசியா முழுவதற்கும் கிடைக்கும் 7 படையை நம்பி ஆரம்பத்திலேயே இறங்குபவரோடு கூட்டுச் சேர வேண்டாம். அவர் எல்லாப் பக்கமும் அடி வாங்குவார், உதவி கேட்டுக்கொண்டே இருப்பார்.

இப்போது சாட் இல்லாத ஆட்டங்களுக்கு வருகிறேன். மொபைல் ரிஸ்க்கில் கூட்டணிக் கோரிக்கை அனுப்பலாம், சில பொம்மை முகங்களைக் காட்டலாம், மற்றபடி பேச்சுக்கு இடமில்லை. ஆரம்பத்தில் இது பெரிய குறையாகத் தெரியும். எனக்கு இன்று மிகவும் பிடித்ததே இந்த வகைதான். ஓர் ஆட்டத்தில் எனக்குத் தென் அமெரிக்கா, இன்னொருவருக்கு வட அமெரிக்கா. வெனிசுலாவில் என் படை ஒன்பது, மத்திய அமெரிக்காவில் அவருடையது பதினொன்று. சுற்றுக்குச் சுற்று இருவரும் அங்கேயே கொட்டிக்கொண்டிருந்தோம். ஐரோப்பாக்காரர் கிரீன்லாந்தை இடித்துக்கொண்டிருந்ததால் வட அமெரிக்காக்காரருக்கு அந்தப் பக்கம் படை அவசரமாகத் தேவைப்பட்டது. நான் என் முறையின் கடைசியில் வெனிசுலாவில் இரண்டை மட்டும் விட்டு மீதி ஏழையும் பிரேசிலுக்கு நகர்த்தினேன். அவர் நினைத்திருந்தால் அந்தச் சுற்றிலேயே உள்ளே வந்திருக்கலாம். வரவில்லை. மத்திய அமெரிக்காவில் மூன்றை வைத்துவிட்டு மற்றதைக் கிரீன்லாந்துக்கு ஏற்றினார். அங்கே ஒப்பந்தம் முடிந்தது. நெடுநேரம் கழித்து ஒரு முறை புதிய படை முழுவதையும் மத்திய அமெரிக்காவில் இறக்கினார், ஆனால் தாக்கவில்லை. போதும், இனி அவரவர் வழி என்று அதற்கு அர்த்தம். நானும் வெனிசுலாவில் இறக்கினேன். இவ்வளவு நேர்மையான முறிவை சாட் உள்ள ஆட்டங்களில் நான் அதிகம் பார்த்ததில்லை.

டிப்ளமசி வேறு உலகம். ஆலன் கேல்ஹேமர் உருவாக்கி 1959-இல் வெளியான இந்த ஆட்டத்தில் பகடையே கிடையாது. ஏழு நாடுகள், 34 விநியோக மையங்கள் (எத்தனை மையமோ அத்தனை படை வைத்துக்கொள்ளலாம்), 18 பிடித்தவர் வெற்றி. ஆட்டத்தின் ஒவ்வோர் ஆண்டிலும் வசந்தம், இலையுதிர்காலம் என்று இரண்டு நகர்வுகள்; எல்லோரும் ரகசியமாக எழுதிய உத்தரவுகள் ஒரே நேரத்தில் திறக்கும். இங்கே பேச்சுதான் ஆயுதம், ஆனால் அந்தப் பேச்சிலும் தரம் இருக்கிறது. "நாம் நண்பர்களாக இருப்போம்" என்று எழுதுபவரை நான் பொருட்படுத்துவதில்லை. ஆஸ்திரியா ஆடும்போது இத்தாலிக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்: "இந்த வசந்தத்தில் ட்ரையஸ்ட் கப்பல்படை அல்பேனியாவுக்குப் போகிறது, புடாபெஸ்ட் படை செர்பியாவுக்கு. இலையுதிர்காலத்தில் இரண்டும் சேர்ந்து கிரீஸ். வெனிஸில் உள்ள படையை மட்டும் அசைக்காதீர்கள்." இத்தாலியின் வெனிஸும் ஆஸ்திரியாவின் ட்ரையஸ்ட்டும் ஒட்டிய தாய் மையங்கள் (அந்தந்த நாடு ஆட்டத்தைத் தொடங்கும் மையங்கள்), இரு நாடுகளின் வாசற்படியும் ஒன்றுதான். உத்தரவுகள் திறந்ததும் சொன்னது நடந்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்துவிடலாம். சரிபார்க்கக்கூடிய வாக்குறுதிதான் வாக்குறுதி. மெட்டா நிறுவனம் 2022-இல் வெளியிட்ட சிசரோ என்ற செயற்கை நுண்ணறிவும் தான் ஆடத் திட்டமிட்ட நகர்வுகளை ஒட்டியே செய்திகளை எழுதும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஓர் ஆன்லைன் லீகில் 40 ஆட்டங்கள் ஆடி, ஒன்றுக்கு மேல் ஆடியவர்களில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

குறைகள் இருக்கின்றன. எனக்குப் பெரிய மனவருத்தம், வெளியே கூடிப் பேசிவிட்டு உள்ளே அந்நியர் போல வந்து சேர்பவர்கள். தனித்தனி ஆட்டம் என்று போட்டிருக்கும் இடத்தில் இருவர் ஒருமுறைகூட எல்லையில் உரசாமல் மற்றவர்களை முடிப்பார்கள். ஒரு தளத்தில் இதைப் பற்றிப் புகார் அனுப்பினேன், பதிலே வரவில்லை. கூட்டணியை எல்லோரும் பார்க்கும் சாட்டில்தான் அறிவிக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கும் தளங்களில் இந்தத் தொல்லை குறைவு. ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போகிறவர்கள் இன்னொரு சங்கடம். நீங்கள் பார்த்துப் பார்த்து அமைத்த சமநிலை ஒரே நாளில் சரிந்துவிடும். ஒரு நகர்வுக்கு ஒரு நாள் கொடுக்கும் ஆட்டத்தில் சேரும் முன், மற்றவர்கள் எத்தனை ஆட்டங்களை முடித்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டிப்ளமசியில் யாரும் 18-ஐத் தொடாமல் ஆட்டம் சமனில் முடிந்தால் புள்ளி எப்படிப் பிரிகிறது என்பதையும் சேரும் முன்பே படித்துவிடுங்கள். மிஞ்சியவர்களுக்குச் சமபங்கு என்றால், பெரியவர்கள் இருவர் கடைசிவரை சேர்ந்தே நின்று சிறியவர்களைத் துடைத்தெடுப்பார்கள். தலை குறைந்தால் பங்கு கூடும். மைய எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கிய வர்க்கத்தைக் கொண்டு பிரித்தால் கதை வேறு. உங்களுக்கு 8, கூட்டாளிக்கு 10 என்றால் கணக்கு 64-க்கு 100. அவர் உங்களிடமிருந்து ஒரே ஒரு மையத்தை எடுத்தால் 49-க்கு 121. இவ்வளவு லாபம் கண்முன் இருக்கும்போது யாருக்கும் கை நீளும். இப்படிப்பட்ட ஆட்டங்களில் ஆட்டத்தைச் சமனில் முடிக்கலாமா என்ற ஓட்டெடுப்பு நெருங்கும் ஆண்டில் என் படைகளில் இரண்டையாவது கூட்டாளியின் எல்லைப் பக்கம் திருப்பி வைக்கிறேன். ஏன் வைக்கிறேன் என்பதை அவருக்கு முன்கூட்டியே எழுதியும் விடுகிறேன்.