கினி பிக்குக்கு எந்த பெல்லட்? சென்னையில் சில வருடம் வாங்கிப் பார்த்த அனுபவம்

எங்கள் பெரம்பூர் வீட்டில் மிளகு, கடுகு என்று இரண்டு கினி பிக்குகள், எலி வகையறாவைச் சேர்ந்த சின்னச் செல்லப் பிராணிகள். இரண்டுக்கும் மாற்றி மாற்றி வாங்கிப் போட்ட பெல்லட்டுகளை (அரைத்து அழுத்திச் செய்த சின்னத் தீவனத் துண்டுகள்) வைத்துச் சொல்கிறேன்: எந்த பிராண்ட் என்பதைவிட, அது எப்போது தயாரானது, நம் வீட்டில் எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். சென்னை வெயிலுக்கும் ஈரக் காற்றுக்கும் இது இரண்டு மடங்கு பொருந்தும்.

எல்லாம் வைட்டமின் சி செய்கிற வேலை. நாயும் பூனையும் அதை உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். கினி பிக்கால் முடியாது, நம்மைப் போலவே. ஒரு கிலோ எடைக்குத் தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் வரை உணவில் கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் ஸ்கர்வி வரும். மூட்டு வீங்கி, நடக்கவே சுணங்கும். பெல்லட்டில் சேர்க்கிற சாதாரண வைட்டமின் சி, தயாரித்து 90 நாள் ஆவதற்குள் பெரும்பகுதி போய்விடும் என்பார்கள். சூடும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். ‘ஸ்டெபிலைஸ்டு’, அதாவது சீக்கிரம் சிதையாத வகை, என்று போட்டிருந்தால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

அதனால் காலாவதித் தேதியை மட்டும் பார்த்து வாங்குவதில்லை, தயாரித்த தேதியைத் தேடுகிறேன். ஒரு கடையில் சரியாக அந்த இடத்தின் மேல் விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தால் ஒரு வருடத்துக்கு முந்தைய சரக்கு. கேட்டதற்கு, "எலிக்கு அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்றார் கடைக்காரர். முயல் பெல்லட்டைத் தள்ளிவிடப் பார்ப்பவர்களும் உண்டு. அதில் பொதுவாக வைட்டமின் சி சேர்ப்பதில்லை, வாங்காதீர்கள்.

கொளத்தூர் பக்கம் கடைகளில் தொங்கும் கலர் கலரான கலவைப் பாக்கெட்டுகள் பார்க்க மிக்சர் மாதிரி அழகாகத்தான் இருக்கும். சூரியகாந்தி விதை, சோளம், காய்ந்த பழம், சிவப்பு பச்சை உருண்டை. மிளகு அதில் விதையைப் பொறுக்கித் தின்றுவிட்டு, சத்தான துண்டுகளை அப்படியே கிண்ணத்தில் விட்டுவிடும். கொழுப்பும் சர்க்கரையும்தான் உள்ளே போகும். ஒரே நிறத்தில், ஒரே அளவில், பார்க்கச் சுவாரசியமே இல்லாத பெல்லட்தான் நல்ல பெல்லட்.

லேபிளில் முதல் பொருள் என்ன என்று பாருங்கள். வளர்ந்ததற்கு டிமோதி புல். ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கும் சினையாக இருப்பதற்கும் அல்ஃபால்ஃபா (குதிரைமசால் என்ற தீவனப் பயிர்) சரி. அதில் கால்சியம் அதிகம். வளர்ந்த பிறகும் அதையே தொடர்ந்தால் சிறுநீர்ப்பையில் கல் வரும் ஆபத்து கூடும். ஆக்ஸ்போ என்ற பிராண்டில் குட்டிக்கும் வளர்ந்ததற்கும் தனித்தனிப் பை உண்டு. நார்ச்சத்து 25 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் எனக்குத் திருப்தி. கோதுமை, சோளம் என்று தொடங்கும் பட்டியலை அப்படியே ரேக்கில் வைத்துவிடுவேன்.

அளவு, ஒன்றுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மேஜைக்கரண்டி, அதற்கு மேல் இல்லை. மீதி வயிறு புல்லால்தான் நிரம்ப வேண்டும். பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். இறக்குமதி டிமோதி விலையைக் கேட்டு அம்மா, "நாம சாப்பிடுற பொன்னி அரிசியை விட இந்தப் புல்லு ஜாஸ்தியாடா?" என்றார். உண்மைதான். அதனால் கோயில் வாசலில் விற்கும் அருகம்புல்லையும் நன்றாக அலசிக் கொடுக்கிறோம், கடுகுக்கு அதுதான் விருந்து. கூடவே தினம் ஒரு துண்டு குடைமிளகாய், கொஞ்சம் கொத்தமல்லி. பெல்லட்டில் வைட்டமின் குறைந்திருந்தாலும் குடைமிளகாய் ஈடுகட்டிவிடும். தண்ணீரில் சொட்டு மருந்து கலப்பது வீண்: சீக்கிரம் சிதைந்துவிடும், ருசி மாறியதால் தண்ணீரையே குடிக்காமல் விட்டாலும் விடும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் உண்மையான சோதனை. நல்ல பெல்லட்டை விரலில் ஒடித்தால் டக்கென்று உடையும், காய்ந்த புல் வாசம் வரும். ஈரம் ஏறியது பொடிப்பொடியாக உதிரும், முக்கல் வாடை அடிக்கும். பூஞ்சை கண்ணுக்குத் தெரிகிறதா என்றெல்லாம் ஆராயாமல் கொட்டிவிடுவேன். பெரிய பை வாங்கினால் லாபம் என்ற கணக்கு இங்கே செல்லாது. சின்ன பை வாங்கி, வாய் மடித்து, இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவுக்குள் வைக்கிறோம். சமையலறையில் அடுப்புச் சூடு படும் என்பதால் படுக்கையறை அலமாரியின் கீழ்த்தட்டில்.

பிராண்ட் மாற்றும்போது பழையதோடு கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மெதுவாக மாற்றுங்கள். திடீரென்று மாற்றினால் சில கினி பிக்குகள் சாப்பிடவே மறுத்துவிடும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பாருங்கள். அரை நாள் முழுக்க எதையும் தொடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தால் குடல் இயக்கம் நின்றுபோகக்கூடும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, சிறு பிராணிகளைப் பார்க்கும் டாக்டரிடமோ உடனே தூக்கிக்கொண்டு போங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.