எபிரேய டைப்செட்டிங் கொடுக்கப்போகிறீர்களா? சேலத்தில் எனக்கு நடந்தது

ஏற்காட்டில் எங்கள் வேதபாட முகாமுக்காக சங்கீதம் 119-ஐ எபிரேயத்திலும் தமிழிலும் கையேடாகப் போட, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு டிடிபி சென்டரில் கொடுத்தேன். "ஹீப்ருவா? அரபி மாதிரிதானே சார், இன்டிசைன்ல பண்ணிடலாம்" என்றார் கடைக்காரர். இன்டிசைன் என்பது பக்கம் வடிவமைக்கும் மென்பொருள். எபிரேயப் பக்கங்களுக்கு மட்டும் இரட்டை ரேட். சரி என்று அட்வான்ஸ் கொடுத்தேன்.

ப்ரூஃப் ஏ4 அளவில் வந்தது. வசனத்துக்கு ஒரு வரி, பார்வைக்குக் குறையில்லை. அச்சானது அதில் பாதி அளவான ஏ5; வசனங்கள் இரண்டு வரியாக மடிந்தன. அங்கேதான் குட்டு உடைந்தது. இந்தச் சங்கீதத்தில் 22 பிரிவுகள், பிரிவுக்கு எட்டு வசனம். முதல் பிரிவின் எட்டு வசனங்களும் எபிரேயத்தின் முதல் எழுத்தான ஆலெப்பில்தான் தொடங்கும். வலமிருந்து இடமாகப் போகும் மொழி என்பதால் ஆலெப் முதல் வரியின் வலது ஓரத்தில் நிற்க வேண்டும். எங்கள் கையேட்டில் அது இரண்டாம் வரியில் கிடந்தது. வசனத்தின் வால் மேலே, தலை கீழே!

இன்டிசைனில், வலமிருந்து இடமாகப் போகும் மொழிகளுக்கும் வரி அடுக்கத் தெரிந்த 'வேர்ல்டு ரெடி' கம்போசர் என்ற அமைப்பைப் போடாவிட்டால் எபிரேய எழுத்துகள் இடமிருந்து வலமாக அடுக்கிக்கொண்டு நிற்கும். அந்த ஒரு அமைப்பை மாற்றாமல், ஒவ்வொரு வசனத்தையும் எழுத்தெழுத்தாகத் திருப்பிப் போட்டு ஒப்பேற்றியிருக்கிறார்கள். வரி மடங்காதவரை தெரியாது. திருப்பினால், உயிர் ஒலியைக் காட்ட எழுத்தோடு சேர்த்து வைக்கும் உயிர்ப்புள்ளிகள் பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் புள்ளிகளையே மொத்தமாகக் கழற்றிவிட்டார்கள். கேட்டதற்கு ஃபாண்ட் சரியில்லை என்றார். நான் கொடுத்தது எஸ்பிஎல் ஹீப்ரு. புள்ளி வைத்த வேத வசனங்களுக்கென்றே செய்த ஃபாண்ட் அது.

"ப்ரூஃப்ல ஓகே சொன்னீங்களே சார்" என்று அப்புறம் ஒரு பேச்சு. ஏ4 ப்ரூஃபுக்குத்தானே சொன்னேன்?

எபிரேயம் படிக்கத் தெரியாதவர்களும் ஷாலோம் என்ற சொல்லை அடிக்கச் சொல்லிப் பார்க்கலாம். அதன் கடைசி எழுத்தான மேம், சொல் முடிவில் மூடிய பெட்டி மாதிரி இருக்கும். பெட்டி இடது கோடியில் நின்றால் சரி, வலது கோடியில் நின்றால் சொல் திரும்பியிருக்கிறது. ஆனால் எனக்குச் செய்த தில்லுமுல்லு இதில் மாட்டாது. அதைப் பிடிக்க, நீளமான வசனம் ஒன்றைப் போட்டு, டெக்ஸ்ட் பாக்ஸை உங்கள் கண் முன்னாலேயே குறுக்கச் சொல்லுங்கள். முதல் சொல் முதல் வரியின் வலது ஓரத்தை விட்டு அசையக் கூடாது. அசைந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஓப்பன் ஃபைல் (பிறகு திருத்தக்கூடிய மூலக் கோப்பு) உண்டு என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எனக்குக் கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டு. அதை வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேட்டால், "இது எங்க கையெழுத்தே இல்ல சார்" என்கிறார்கள்.