ஏற்காட்டுக்குக் ‘குளிர் தாங்கும் மாதுளை’ விற்கிறார்கள், கவனம்

சேலத்திலிருந்து ஏற்காடு அடிவாரத்துக்குப் போகும் வழியில் ஒரு நாற்றுப்பண்ணையில், ‘குளிர் தாங்கும் இனிப்பு மாதுளை, வெளிநாட்டு ரகம், ஒட்டுச்செடி’ என்று அட்டை கட்டிக் கன்று ஒன்றை 850 ரூபாய்க்கு விற்கிறார்கள். மூன்று கன்றுகள் வாங்கினோம். கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அட்டையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: பனி படிந்த கிளையில் சிவப்புப் பழம் ஒன்று தொங்குகிறது, கீழே ‘மைனஸ் 15 டிகிரி வரை தாங்கும்’ என்று அச்சிட்டிருக்கிறது.

அந்த மைனஸ் 15-ஐ முதலில் பார்த்துவிடுவோம். எங்கள் வீடு ஏற்காட்டு மலையில் நாகலூர் பக்கம். மார்கழி விடியலில் கம்பளியை விட்டுக் கை வெளியே வராது என்பது உண்மைதான். ஆனாலும் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் இரவுக் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது. மாதுளையோ ஈரானிலிருந்து இமயமலைச் சரிவு வரை தானாக வளரும் மரம். இமாச்சலத்திலும் காஷ்மீரிலும் காட்டு மாதுளை குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு நின்று, வெயில் வந்ததும் துளிர்க்கிறது. உறைநிலைக்குக் கீழே சில டிகிரி என்பது சாதாரண மாதுளைக்கே பெரிய சங்கதி இல்லை. அதற்கும் மேல் தாங்கும் ரகங்கள் நடு ஆசியாவில் உண்டு. சலவாட்ஸ்கி, கஸாகி என்ற பெயர்களில் அமெரிக்காவில் பனி விழும் ஊர்களின் வீட்டுத் தோட்டக்காரர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். அவர்களுக்கு அது தேவை. ஏற்காட்டில் அந்தக் குணத்துக்குத் தனி விலை கொடுப்பது, சேலத்து மாமரத்துக்குக் கம்பளி போர்த்துவதற்குச் சமம்.

இந்த மலையில் மாதுளைக்கு எதிரி மழை. ஆண்டுக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் பெய்கிறது. போதாததற்கு மூடுபனி; இலை காயவே பகல் பதினொரு மணி ஆகிவிடும். காய் முற்றும் நேரத்தில் ஈரம் நின்றால் தோலில் கரும்புள்ளி விழும், பழம் வெடிக்கும். நன்றாகக் காய்ந்த மண்ணில் திடீரென்று மழை கொட்டினாலும் வெடிக்கும். மகாராஷ்டிரத்துச் சோலாப்பூரில் மாதுளை கொழிக்கிறதென்றால் அது வறண்ட வெயில் பூமி என்பதால்தான்; மத்திய அரசின் மாதுளை ஆராய்ச்சி மையமே அங்கேதான் இருக்கிறது. மலைக்காரரிடம் செடி விற்பவர் பேச வேண்டியது வடிகாலையும் வெயில் படும் இடத்தையும் பற்றி. இவர் பேசியதெல்லாம் குளிர்.

வாங்கும்போது என் கணவர் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டார். தாய்ச்செடி எங்கே என்றதற்கு, “ஓசூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் இருக்கிறது, சார்” என்றார் கடைக்காரர். வெளிநாட்டுச் செடி என்றால் இறக்குமதி அனுமதியும் நோயில்லாச் சான்றும் இருக்குமே என்றதற்கு, “அதெல்லாம் கம்பெனியில் இருக்கும்” என்றார். என் பக்கம் திரும்பி, “அக்கா, விதை வாயில் படவே படாது, அவ்வளவு மிருது” என்றார். பில் கேட்டோம், கொடுத்தார். அதில் ‘பழச்செடி – 3’ என்று மட்டும் எழுதியிருந்தது. ரகத்தின் பெயரையும் எழுதச் சொன்னோம். பில் புத்தகத்தில் இடம் இல்லையாம்.

நட்ட பிறகு முதலில் கண்ணில் பட்டது ஒட்டு. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்டைச் சுற்றிப் பாலித்தீன் நாடா இறுக்கியிருந்தது. தண்டு பருத்தால் நாடா வெட்டும் என்பதால் பிளேடால் மெல்லக் கீறி உரித்தேன். ஒட்டுக்கட்டிய செடியில் அந்த இடத்தில் ஒரு முடிச்சு இருக்கும். கீழ்த்தண்டின் பட்டையும் மேல்தண்டின் பட்டையும் சேர்ந்த தழும்பு தெரியும். இங்கே ஒன்றுமே இல்லை. நாடாவுக்கு மேலும் கீழும் ஒரே தண்டு, ஒரே பட்டை. நாடா அழுத்திய வெளிறிய வளையம் மட்டும். மற்ற இரண்டிலும் அதே கதை. மாதுளைக்கு ஒட்டே பெரும்பாலும் தேவையில்லை. முற்றிய குச்சியை வெட்டி நட்டால் வேர் விடும், விண்பதியமும் (கிளையை மரத்திலேயே வேர்விட வைத்து வெட்டி நடுவது) எளிது. எனவே மாதுளையை ஒட்டுச்செடி என்று சொல்லி விலையை ஏற்றுகிறவரிடம் நாடாவை அவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

செடி என்னவோ நன்றாகத்தான் வளர்ந்தது. பூவும் வந்தது. அங்கேதான் குட்டு முழுவதும் உடைந்தது. காய்க்கும் மாதுளையில் கசங்கிய பட்டுத்துணி மாதிரி ஐந்திலிருந்து எட்டு இதழ்கள் இருக்கும். நடுவில் மகரந்தத் தாள்கள் மஞ்சள் தலையுடன் அடர்ந்து நிற்கும். எங்கள் செடியில் இதழ்கள் எண்ண முடியாத அடுக்கு. மகரந்தம் இருக்க வேண்டிய இடத்திலும் இதழ். அழகுக்காக வளர்க்கும் அடுக்குப் பூ மாதுளை அது. பூத்துக் கொட்டும், காய்க்காது. பக்கத்துத் தோட்டத்து அக்கா பார்த்த மாத்திரத்தில், “இது பூ மாதுளை. மருந்துக்குப் பறிக்கலாம், பழத்துக்கு ஆகாது” என்றார்.

பூவைப் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். முதல் பூ கொட்டத்தான் செய்யும், அடுத்த பருவம் காய்க்கும் என்றார். அடுத்த பருவமும் அப்படியே. பிறகு எங்கள் மண்ணில் குறை கண்டார். அதற்கும் பதில் சொன்ன பின், “பக்கத்தில் ஆண் செடி வைத்தால்தான் காய்க்கும், 600 ரூபாய்” என்றார்! மாதுளையில் ஆண் செடி, பெண் செடி என்று தனித்தனியாகக் கிடையாது. ஒரே மரத்தில் இரண்டு விதப் பூ பூக்கும்: அடி பருத்துச் சிறு குடம் போலிருப்பது காயாகும், அடி குறுகி மணி வடிவில் இருப்பது ஆண் பூ, உதிர்ந்துவிடும். தனி மரமே தாராளமாகக் காய்க்கும். இதை அவரிடம் சொன்னபோது வேறு வாடிக்கையாளர் வந்துவிட்டதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார்.

மாதுளை காய்க்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் என்பதுதான் இந்த வியாபாரத்தின் முதலீடு. அதற்குள் அட்டை மழையில் கரைந்திருக்கும், பில் தொலைந்திருக்கும். இலையை வைத்து ரகம் சொல்ல முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

மலையில் மாதுளை வேண்டும் என்பவர்கள் வெளிநாட்டைத் தேட வேண்டியதில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஏற்காட்டிலேயே இருக்கிறது. ‘ஏற்காடு 1’ என்ற பெயரிலேயே மாதுளை ரகம் உண்டு: நடுத்தரப் பழம், எளிதில் உரியும் தோல், மென்மையான விதை, கருஞ்சிவப்பில் ஊதா கலந்த முத்து. கன்று இருப்பில் உள்ளதா என்று அங்கே கேளுங்கள். கருமந்துறை அரசுத் தோட்டக்கலைப் பண்ணையிலும் விசாரிக்கலாம். சேலம் நகரத்தில் இருப்பவர்களுக்கு கணேஷ், பகவா ரகங்கள் இரண்டும் ஒத்துவரும். அதுவும் இல்லையென்றால், கண்ணெதிரே காய்க்கும் ஒரு மரத்திலிருந்து பென்சில் பருமனில் முற்றிய குச்சி ஒன்று கேட்டு வாங்குங்கள். பழத்தைத் தின்று பார்த்து ரகத்தை முடிவுசெய்யலாம். தண்ணீர் நிற்காத மேட்டில், நாள் முழுதும் வெயில் படும் இடத்தில் வையுங்கள். சில்வர் ஓக் நிழலில் காப்பி வரும், மாதுளை வராது.

நாங்கள் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். இதே பனிப்பழ அட்டையுடன் யாராவது கன்று வாங்கியிருந்தால் அட்டையைச் செடியிலிருந்து கழற்றி, பில்லோடு சேர்த்து வீட்டுக்குள் வையுங்கள். நாடாவை உரிக்கும்போது தண்டைப் படமெடுங்கள். பூ விரிந்ததும் உள்பக்கம் தெரியும்படி இன்னொரு படம், தேதியோடு.