வயிற்றில் நிற்கும் தண்ணீர்: கடலூர்–புதுச்சேரி பேருந்துப் பயணியின் 20 மாத அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருந்துகொண்டு, புதுச்சேரியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதும் வேலை பார்க்கிறேன். காலை எட்டே காலுக்குப் பேருந்து ஏறினால் ஆல்பேட்டை, ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று நின்று நின்று போய்ப் பேருந்து நிலையத்தில் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். தொலைவு என்னவோ ஏறத்தாழ 22 கிலோமீட்டர்தான். பதினோரு ஆண்டுகளாக இப்படிப் போய் வருகிறேன். அவற்றில் முதல் ஒன்பது ஆண்டுகள், காலையில் ஒரு டம்ளர் காபிக்கு மேல் எதுவும் குடிக்காமலேயே பேருந்து ஏறினேன். வழியில் இறங்கிப் போக இடம் கிடையாது. கடையிலோ பெண்கள் பதினான்கு பேருக்கு ஒரே கழிப்பறை, அதுவும் துணிக்கட்டுகள் அடுக்கிய கிடங்கைத் தாண்டி மாடியில் இருக்கிறது. நாக்கு வறண்டாலும் பரவாயில்லை, போகாமல் இருந்தால் போதும் என்பதே எங்கள் கடையில் பெரும்பாலான பெண்களின் கணக்கு. என் கணக்கும் அதுவாகத்தான் இருந்தது.

2024 மார்ச்சில் அந்தக் கணக்கு தப்பியது. நீர்க்கடுப்பில் தொடங்கி, குளிர் காய்ச்சலாகி, ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டு மீண்டேன். சிறுநீர் அடிக்கடி வெளியேறினால்தான் கிருமிகளும் அதனுடன் அடித்துக்கொண்டு போகும், குடிக்காமலும் போகாமலும் இருந்தால் அவை சிறுநீர்ப்பைக்குள்ளேயே தங்கிப் பெருகும் என்று மருத்துவர் விளக்கி, ஒரு நாளைக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் குடிக்கச் சொன்னார். நான் அதைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றினேன். மறு வாரம் திங்கட்கிழமை, விடிந்ததும் ஒரு லிட்டரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் பேருந்து ஏறினேன். கிருமாம்பாக்கம் வரும்போதே அடிவயிறு கனத்தது, தவளக்குப்பத்தில் கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தேன், அரியாங்குப்பத்தில் நெரிசலில் பேருந்து நின்றபோது நடத்துநரிடம் சொல்லிவிட்டு இறங்கி, முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம், "அம்மா, கொஞ்சம் பாத்ரூம் போய்ட்டு வரலாங்களா?" என்று கேட்டேன். "இதுக்கு என்னம்மா கேக்கிறது, உள்ள போ" என்றார் அவர். அந்த வாசலில் செருப்பைக் கழற்றியபோது பட்ட கூச்சத்திலிருந்துதான், தண்ணீரும் குறையாமல் அடிக்கடி போகவும் வேண்டாமல் குடிக்கப் பழகும் இந்த 20 மாத முயற்சி தொடங்கியது.

அந்த ஏப்ரலில் வந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்த்தேன். அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளை, ஒரு நோட்டு, சுவர்க் கடிகாரம், இவ்வளவுதான் கருவிகள். முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒரு லிட்டரை ஒரேயடியாகக் குடித்தேன். ஒன்பதரை மணிக்குள் மூன்று முறை போக வேண்டியிருந்தது, வெளியேறியதும் கிட்டத்தட்ட நிறமே இல்லாத தண்ணீர். அடுத்த ஞாயிறு அதே ஒரு லிட்டரை, நூறு மில்லியாக, நான்கு மணி நேரத்துக்குப் பரப்பிக் குடித்தேன். பதினொரு மணிக்குள் ஒரே முறைதான் போனேன், நிறமும் வெளிர் மஞ்சளாக இருந்தது. மூன்றாவது ஞாயிறு இடையில் இட்லி சாம்பாரும் சேர்ந்துகொண்டது. அன்றும் ஒரே முறைதான். ஒருத்தி தன் உடம்பில் மூன்று நாள் பார்த்தது சான்றாகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் காரணத்தைப் படித்தபோது கணக்கு பொருந்தியது. வெறும் தண்ணீர் மொத்தமாக உள்ளே போகும்போது இரத்தம் சிறிது நீர்த்துப்போகிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள உணரிகள் அதை உடனே கண்டுகொண்டு, வாசோப்ரெசின் என்னும் ஹார்மோன் சுரப்பதைக் குறைத்துவிடுகின்றன. தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொள் என்று சிறுநீரகத்துக்குச் சொல்வதே அந்த ஹார்மோன்தான் என்பதால், அது குறைந்ததும் சிறுநீரகம் மடையைத் திறந்துவிடுகிறது. குடித்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இந்த ஓட்டம் உச்சத்துக்கு வரும். ஏழு மணிக்கு வீட்டில் குடித்தது, எட்டே காலுக்கு ஏறிய பேருந்தில் வேலையைக் காட்டியதில் வியப்பில்லை. பெரியவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் 150 முதல் 200 மில்லி சேரும்போதே முதல் உணர்வு வந்துவிடும். 400, 500 மில்லி வரை பெரும்பாலோர் தாங்குவார்கள்.

ஆகவே ஒரு எவர்சில்வர் பாட்டில் வாங்கினேன். முக்கால் லிட்டர், ஒற்றைச் சுவர், 380 ரூபாய். அதற்கு முன் வாங்கிய ஸ்ட்ரா வைத்த பிளாஸ்டிக் பாட்டிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்ட்ராவில் உறிஞ்சினால் சிறிது சிறிதாகக் குடிப்போம் என்று நினைத்தது சரியாகவே இருந்தது. ஆனால் அந்தக் குழாயின் வளைவுக்குள் பிரஷ் நுழையாததால் ஒன்றரை மாதத்தில் உள்ளே கறுப்பாகப் பூசணம் படிந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு அந்த மாதிரியை யாருக்கும் பரிந்துரைக்க மனம் வரவில்லை. இப்போதைய பாட்டிலின் வாய் அகலம் இரண்டு விரல் உள்ளே போகும் அளவு; கழுவ எளிது, அண்ணாந்து குடித்தாலும் மேலே சிந்தாது. வீட்டில் இரண்டு வாய், பேருந்தில் கன்னியக்கோவில் தாண்டியதும் இரண்டு வாய், கடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு மீதியை மணிக்கொரு தரம் நூறு, நூற்றைம்பது மில்லியாக. மதியம் ஒரு முறை, மாலை ஒரு முறை நிரப்பிக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் என்று எண்ணிக் குடிக்க வேண்டும் என்ற பதற்றம் இப்போது இல்லை.

உண்மையான மாற்றம் தண்ணீரால் வந்ததைவிட நீராகாரத்தால் வந்தது என்றே சொல்வேன். நான் நோட்டும் குவளையுமாக அலைவதைப் பார்த்த என் அத்தை, "ராத்திரி சோத்துல ஊத்தின தண்ணியில ரெண்டு கல்லு உப்பப் போட்டுக் குடிச்சிட்டுப் போம்மா, வயித்துல நிக்கும்" என்றார். அவர் கடலூர் முதுநகர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். கடலுக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் அதைக் குடித்துவிட்டுப் போவதைப் பார்த்தே வளர்ந்ததாகச் சொல்வார். வயிற்றில் நிற்கும் என்ற அந்தச் சொல்லை நான் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரிட்டனில் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வைப் பிறகு படித்தேன். 72 ஆண்களுக்கு வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு பானங்களை ஒரு லிட்டர் வீதம் கொடுத்து, அடுத்த சில மணி நேரத்தில் எவ்வளவு சிறுநீராக வெளியேறுகிறது என்று அளந்திருந்தார்கள். வெறும் தண்ணீரைவிடப் பாலும் ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் உடம்பில் கூடுதலாகத் தங்கின. உப்பு, சர்க்கரை, புரதம் போன்றவை கலந்திருக்கும் பானம் இரைப்பையிலிருந்து மெதுவாக இறங்குகிறது; உப்பு இருப்பதால் இரத்தமும் சட்டென்று நீர்த்துப்போவதில்லை. அந்தப் பட்டியலில் நீராகாரம் இல்லைதான். ஆனாலும் அதிலுள்ள கஞ்சிப் பதத்தையும் கல் உப்பையும் வைத்துப் பார்த்தால் அத்தை சொன்னது அதே வழியில்தான் போகிறது. காலையில் ஒரு சொம்பு நீராகாரமோ கேழ்வரகுக் கூழோ குடித்துவிட்டுக் கிளம்பும் நாள்களில் அரியாங்குப்பம் பாலத்தைக் கடக்கும்போது எனக்கு எதுவும் நினைவுக்கு வருவதில்லை.

மோரில் மட்டும் ஒரு முறை பட்டுவிட்டேன். சென்ற ஆண்டு மே மாதம், கத்திரி வெயிலில், இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்ட மோரை அதே எவர்சில்வர் பாட்டிலில் மூடி முறுக்கி எடுத்துப் போனேன். மதியம் ஒரு மணிக்குத் திறந்தபோது, உள்ளே மோர் புளித்துப் பொங்கியிருந்ததால் மூடி 'பட்' என்று கிளம்பி, அன்றைய விற்பனைப் பேரேட்டின் இரண்டு பக்கங்கள் நனைந்தன. அந்தப் பக்கங்களில் இன்றும் மோர் வாசம் போகவில்லை என்று கடையில் கேலி செய்வார்கள். இப்போது கெட்டித் தயிரைச் சிறு டப்பாவில் தனியாகக் கொண்டுபோய், சாப்பாட்டு வேளையில் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் கலக்கிக்கொள்கிறேன்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையும் நான்கு வாரம் பயன்படுத்திப் பார்த்தேன். நான் செய்த முதல் தவறு, ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை முக்கால் லிட்டர் பாட்டிலில் கொட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி ஒரு லிட்டர் நீரில் 2.6 கிராம் சாதாரண உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்க வேண்டும். நீரைக் குறைத்தால் கரைசல் கெட்டியாகி, அது இருப்பதன் நோக்கமே கெட்டுவிடும். இரண்டாவது, அது வயிற்றுப்போக்குக்கும் கடும் வியர்வை இழப்புக்கும் உரியது; மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கணக்கெழுதுகிறவளுக்கு நாள்தோறும் அந்த உப்பும் சர்க்கரையும் தேவையில்லை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மருந்துக்கடையில் பெட்டியில் அடைத்து இனிப்பாக விற்ற பானங்கள் வேறு. அந்தக் கலவை இல்லாதவை தங்கள் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போட்டுக்கொள்ளக் கூடாது என 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. இப்போது என் பையில் அவசரத்துக்கு ஒரு பொட்டலம் மட்டும் கிடக்கிறது.

எவ்வளவு குடிக்கிறோம் என்பது ஒரு பாதி என்றால், சிறுநீர்ப்பை எவ்வளவு பொறுக்கிறது என்பது மறுபாதி. இதை நான் மிகத் தாமதமாகவே கவனித்தேன். வெளியே கிளம்பும்போதெல்லாம், வந்தாலும் வராவிட்டாலும் ஒரு முறை போய்விட்டு வருவது சிறு வயதிலிருந்து எங்கள் வீட்டில் பழக்கிவிட்ட வழக்கம். பேருந்துக்கு முன் ஒரு முறை, இறங்கியதும் ஒரு முறை, கடை திறந்ததும் ஒரு முறை என்று போய்ப் போய், நூறு மில்லி சேர்ந்தாலே அவசரம் என்று என் சிறுநீர்ப்பை கற்றுக்கொண்டுவிட்டது. மருத்துவர் சொல்லி மூன்று நாள் குறிப்பு எழுதியபோதுதான், போன முறைகளில் பாதிக்கு மேல் அரை டம்ளர்கூட வரவில்லை என்பது தெரிந்தது. பிறகு, உணர்வு வந்ததும் எழுந்து ஓடாமல் பதினைந்து நிமிடம் தள்ளிப்போடப் பழகினேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அந்த இடைவெளியைக் கூட்டினேன். நேராக உட்கார்ந்து, இடுப்புத் தளத் தசைகளை ஐந்தாறு முறை இறுக்கித் தளர்த்தினால் அந்த அலை அடங்கிவிடுகிறது. எட்டு வாரத்தில் இரண்டரை, மூன்று மணி நேர இடைவெளி வந்தது. அதற்கு மேல் இழுத்தடிக்க நான் முயலவில்லை. அடக்கி வைத்துத்தானே முதலில் நோய் வந்தது. கடையில் நான்கு முறை குடித்துவந்த டீயை இரண்டாகக் குறைத்ததும் உதவியது. டீயும் காபியும் குடித்த அளவுக்கு மேல் நீரை வெளியேற்றிவிடும் என்று பலர் சொல்வது மிகைதான். வழக்கமாகக் குடிப்பவர்களுக்கு அவை தண்ணீரைப் போலவே கணக்கில் சேரும். ஆனால் காஃபீன் சிலருக்குச் சிறுநீர்ப்பையைச் சீண்டி அவசர உணர்வைக் கூட்டுகிறது, அந்தச் சிலரில் நான் ஒருத்தி.

இரவுத் தொல்லை வேறு வகை. மாலை ஆறு மணிக்கு மேல் அரை டம்ளர்தான் குடித்தாலும் இரவில் இரண்டு முறை எழுந்துகொண்டிருந்தேன். நாள் முழுவதும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பதால் கணுக்காலில் தேங்கும் நீர், படுத்ததும் இரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகத்தின் வழியே இரவில் வெளியேறுகிறது என்பது காரணம். வீடு திரும்பியதும் அரை மணி நேரம் சுவரோரமாகப் படுத்துக் காலைத் தலையணைகளின் மேல் தூக்கி வைத்துக்கொள்கிறேன். அந்த நீர் தூங்கப் போகும் முன்பே வெளியேறிவிடுகிறது. இப்போது இரவில் ஒரு முறை, சில நாள்களில் அதுவும் இல்லை. கால் வீக்கம் குறையாமல் இருந்தாலோ, தாகமும் சிறுநீர்ப் போக்கும் ஒருசேரப் பெருகினாலோ, எரிச்சலோ இரத்தமோ தென்பட்டாலோ இந்தக் கைவேலைகளை நம்பி இருக்கக் கூடாது. சர்க்கரை நோயும் தொற்றும், ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கமும் இதே முகத்தோடுதான் வரும். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு என் அளவுகள் போதாது, அவர்கள் அதிகமாகவே குடித்து அதிகமாகவே போக வேண்டும்.

இன்றைய நிலை இது: தண்ணீர், மோர், கூழ் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு இரண்டு லிட்டருக்குச் சற்று மேல், கழிப்பறைக்கு ஆறு அல்லது ஏழு முறை. 20 மாதத்தில் நீர்க்கடுப்பு திரும்ப வரவில்லை. கோடையில் வெள்ளரிப்பிஞ்சும் நுங்கும் கைகொடுக்கின்றன; வெள்ளரியில் ஏறக்குறைய 95 விழுக்காடு நீர்தான், ஆனால் அது மென்று தின்னும் வேகத்தில்தானே உள்ளே போகிறது. இந்தக் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாமல் வழிந்தபடியே இருப்பதால் மே மாதத்தில் அரை லிட்டர் கூடுதலாகக் குடித்தும் போகும் எண்ணிக்கை ஏறுவதில்லை.

நான் இன்னும் சரியாகப் பிடிபடாமல் தடுமாறுவது ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மழை மாதங்களில்தான். வியர்வை இல்லை, குளிர் வேறு. அதே அளவு குடித்தால் அரியாங்குப்பம் மறுபடியும் நினைவுக்கு வருகிறது. மழைத் தண்ணீர் தேங்கிப் பேருந்து ஊர்ந்த ஒரு நாள், பையைத் திறந்து பாட்டிலைத் தொட்டுவிட்டு அப்படியே மூடிவிட்டேன். இந்த மார்கழியில் தாகம் எடுத்தால் மட்டும் குடிப்பது, நிறம் அடர் மஞ்சளானால் ஒரு டம்ளர் கூட்டுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். பாட்டிலில் பாதித் தண்ணீர் மீந்து வீடு திரும்புகிறது. அத்தை அதை வாங்கித் துளசிக்கு ஊற்றிவிடுகிறார்.