நிறுத்தி எடுப்பதா, பார்த்திருந்து எடுப்பதா? கல்யாணப் போட்டோவின் இரண்டு வழிகள்

கல்யாணப் படம் எடுப்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஆட்களை நிறுத்தி, முகத்தைத் திருப்பி, வெளிச்சம் வைத்து எடுப்பவர் ஒரு வகை. ஓரமாக நின்று நடப்பதை நடக்கிறபடி எடுப்பவர் இன்னொரு வகை. கேண்டிட் என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். இதில் எது உயர்ந்த ரசனை என்ற சண்டை எனக்கு முக்கியமில்லை. ஒரு படம் தவறிவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியுமா, முடியாதா? இரண்டு வழியையும் நான் அளப்பது அதை வைத்துத்தான்.

நிறுத்தி எடுப்பதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இன்று அதற்குத்தான் மரியாதை குறைவு. குரூப் போட்டோவைப் பழைய பாணி என்று ஒதுக்குகிறவர்கள், பல வருடம் கழித்து அந்தக் குடும்பம் எந்தப் படத்தைத் தேடும் என்று யோசிக்க வேண்டும். தாத்தாவும் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் முகம் தெளிவாக ஒன்றாக நிற்கும் படம் தானாக அமையாது. லென்ஸின் துவாரம் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை எஃப் எண் சொல்லும்; எண் சிறிதானால் துவாரம் பெரிது. இரண்டு வரிசை நிற்கும்போது முன்வரிசைக்கு ஃபோகஸ் வைத்து லென்ஸை எஃப் 2-இல் திறந்து வைத்தால் பின்வரிசை மங்கிவிடும். எஃப் 5.6, எஃப் 8 வரை மூட வேண்டும். குறைகிற வெளிச்சத்தைப் பிளாஷ் கொண்டு ஈடுகட்ட வேண்டும். கூட்டம் பெரிதாக ஆக யாராவது ஒருவர் கண் சிமிட்டியிருப்பார், அதனால் ஒரே குரூப்புக்கு நாலைந்து பிரேம் எடுத்தாக வேண்டும். யார் யாரோடு நிற்க வேண்டும் என்ற பட்டியல் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். அதைப் படித்து ஆட்களைக் கூப்பிட, குடும்பத்தில் எல்லோரையும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். வயதானவர்களையும் கைக்குழந்தையோடு வந்தவர்களையும் முதலில் எடுத்து அனுப்பிவிடுவது மரியாதை மட்டுமல்ல, அவர்கள் முகம் களைப்பதற்குள் எடுக்கும் வழியும் அதுதான். 1981-இல் சார்லஸ்–டயானா திருமணத்தின் அதிகாரப்பூர்வப் படங்களை எடுத்த பேட்ரிக் லிச்ஃபீல்ட், கூட்டத்தைத் தன் பக்கம் திருப்ப விசிலே ஊதினார். அரச குடும்பத்துக்கே அந்த நிலை என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வழியின் பலம், தவறினால் சரிசெய்யலாம் என்பது. யாரோ கண்ணை மூடிவிட்டார் என்றால் ‘இன்னொன்று’ என்று கேட்க முடியும். ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கேட்டுக் கேட்டுப் பழகிய போட்டோகிராபர், கடைசியில் சடங்கையே நிறுத்தி மறுபடி செய்யச் சொல்கிறார். அதை நான் ஒத்துக்கொள்வதில்லை. அந்த நாள் அந்த வீட்டாருடையது.

பார்த்திருந்து எடுப்பதில் ‘இன்னொன்று’ கிடையாது. 1996-இல், அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியரின் திருமணத்தைப் போட்டோகிராபர் டெனிஸ் ரெஜி எடுத்தார். சிறிய தேவாலயத்தை விட்டு வெளியே வரும்போது மணமகன் மணமகளின் கையை எடுத்து முத்தமிட்ட அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. அந்த நொடியில் கேமரா தாழ்ந்திருந்தால் படமே இல்லை.

அப்படித் தயாராக இருப்பதற்குத்தான் இதில் உழைப்பெல்லாம். 35 மில்லிமீட்டர் லென்ஸில் ஒரு முகம் பேச வேண்டுமென்றால் இரண்டு மீட்டருக்குள் நிற்க வேண்டும், நிற்பது தெரியவும் கூடாது. எஃப் 2.8 ஜூமைவிட எஃப் 1.4 லென்ஸ் நாலு மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். அதனால் கேமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 6400 வைக்க வேண்டிய இடத்தில் 1600 போதும். ஆனால் அவ்வளவு திறந்து பக்கத்திலிருந்து எடுத்தால் ஒரு கண் கூர்மையாகவும் மற்றது மங்கலாகவும் விழும். சத்தம் வராதிருக்க, திரை எதுவும் அசையாமல் படம் பதியும் எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால், எல்இடி விளக்கின் துடிப்பு பல கேமராக்களில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழுகிறது. அங்கே சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு மெக்கானிக்கல் ஷட்டருக்கே போவது நல்லது.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம், எங்கே பார்ப்பது என்பது. சடங்கு நடக்கும் இடத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். அதைப் பார்க்கிறவர்களின் முகத்தில்தான் பாதிப் படங்கள் இருக்கின்றன. இவ்வளவு நேரம் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்த அப்பா, திடீரென்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தால், ஃபோகஸை அவர்மேல் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அழுத்தியும் விடக் கூடாது, நகர்ந்தும் விடக் கூடாது.

‘சும்மா பேசிக்கொண்டே நடந்து வாருங்கள்’ என்று சொல்லி எடுத்த படமும் கேண்டிட் என்ற பெயரில் விற்கப்படுகிறது. படம் அழகாக இருக்கலாம், ஆனால் அது நிறுத்தி எடுத்ததுதான். அதை அப்படியே சொல்லிவிட்டால் குற்றமில்லை.

தொழில் கணக்கில் வித்தியாசம் பெரிது. நிறுத்தி எடுப்பவருக்கு எத்தனை படம் வரும் என்று முன்பே தெரியும்; உதவியாளரிடமும் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். பார்த்திருந்து எடுப்பவர் ஆயிரக்கணக்கில் எடுத்துக் கழிக்கிறார். கழித்தெடுக்கும் அந்த நாட்களை வாடிக்கையாளர் பார்ப்பதே இல்லை. இவர் காட்டும் மாதிரிப் படங்களும் பல கல்யாணங்களில் பொறுக்கியவை, உங்கள் கல்யாணத்துக்கு உத்தரவாதம் ஆகாது. ஒரே கல்யாணத்தின் முழுத் தொகுப்பைக் காட்டச் சொல்லுங்கள். நடுப்பகுதிப் படங்கள் எப்படி இருக்கின்றன என்று பார்த்தாலே ஆளின் தரம் தெரிந்துவிடும். கேமராவில் உள்ள இரண்டு மெமரி கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவது, அன்றிரவே வேறொரு டிஸ்க்கில் நகல் எடுப்பது இரண்டும் எந்த வழிக்காரருக்கும் கட்டாயம்.

என் தேர்வு பார்த்திருந்து எடுப்பதுதான். ஆனால் நாளில் ஒரு அரைமணி நேரம் முழுக்க முழுக்க நிறுத்தி எடுப்பதற்கு. உறவினர்கள் வெவ்வேறு நாட்டில் இருந்து, அபூர்வமாகத்தான் கூடுகிறார்கள் என்றால் அதை ஒரு மணி நேரமாக்கலாம். இரண்டு போட்டோகிராபர் இருந்தால் வேலையைப் பிரித்துக்கொள்ளட்டும். ஒருவர்தான் என்றால் அந்த அரைமணி எப்போது, யார் ஆட்களை அழைத்து வருவார் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுதாவிட்டால் முதலில் காணாமல் போவது தாத்தா பாட்டி இருக்கிற படம்தான், அவர்கள் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள்.